உங்கள் தங்கை வேறு வீட்டில் இறங்கிவிட்ட விவரம்

அன்பும் மரியாதையும் கலந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவனும், ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகனும், உங்களிடம் இதுவரை ஒருமுறைகூட எதிர்த்துப் பேசாதவனுமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு தாங்களும், அக்காவும், பிள்ளைகளும், தங்கள் முழங்காலும் நலமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். முழங்காலைத் தனியாக விசாரிப்பதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். போன முறை பேசியபோது மற்ற எல்லோரையும்விட அதைப் பற்றித்தான் அதிகம் சொன்னீர்கள். அதுவும் நம் குடும்பத்தில் ஓர் ஆள் என்று ஆகிவிட்டது.

நிற்க. வருகிற ஞாயிற்றுக்கிழமை வேன் எடுத்துக்கொண்டு வந்து என்னையும் என் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போகப் போவதாகவும், உங்கள் வீட்டுப் பின்னறைக்குப் புதிதாக வண்ணம் அடித்து வைத்திருப்பதாகவும் என் மகள் போனில் சொன்னாள். உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் தயவுசெய்து வர வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் எனக்குக் காது மந்தம், கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. உங்கள் தங்கை பக்கத்தில் இருக்கும்போது அவள் இறந்துபோனதைப் பற்றி இரைந்து பேசுவது மரியாதையாக இருக்காது. அதனால் எழுதுகிறேன். இந்த வரியைப் படித்துவிட்டு உடனே என் மகளுக்குப் போன் போடாமல், முழுவதையும் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை காலமானபோது எல்லாவற்றையும் முன்னின்று நடத்தியது நீங்கள்தான். அன்றைக்கு நான் கல்லு மாதிரி நின்றேன் என்று எல்லோரும் பாராட்டினார்கள். நீங்கள் எல்லோரும் ஊருக்குப் போன பிறகு அந்தக் கல்லு கட்டிலில் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. எனக்கு வந்தது துக்கம் என்று நானே நினைக்கவில்லை. முதுகு வலி என்றுதான் நினைத்தேன். அப்புறம் வயிறு பிசைந்தது, சாப்பாடு மண்ணாக இருந்தது, தூக்கம் வரவில்லை, வந்தால் போகவில்லை. முதுகுக்கு ஒரு டாக்டர், வயிற்றுக்கு ஒரு டாக்டர், தூக்கத்துக்கு ஒரு டாக்டர் என்று மகள் அழைத்துக்கொண்டு போனாள். எல்லாச் சோதனையும் சுத்தமாக வந்தது. நோய் இல்லை என்று கேட்டு இவ்வளவு ஏமாற்றம் அடைந்த ஆள் நானாகத்தான் இருப்பேன். கடைசி டாக்டர் காகிதங்களை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, "சார், உங்க உடம்பு நல்லா இருக்கு. மனசுக்குத்தான் உடம்பு சரியில்ல" என்றார். வயசானால் இப்படித்தான் இருக்கும் என்று நான் வாதாடினேன். வயசானால் முதுகு வலிக்கும், சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கச் சொல்லாது என்றார் அவர். இதற்கு மனச்சோர்வு என்று பெயர், வயதானவர்களுக்கு இது வந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை, மாத்திரையும் உண்டு, பேச்சும் உண்டு, இரண்டும் சேர்ந்தால் குணமாகும் என்றார். மாத்திரைக்கு ஒத்துக்கொண்டேன். பேச்சு என்றதும் வேர்த்துவிட்டது.

ஏன் வேர்த்தது என்பதை உங்களிடம்கூட நான் சொன்னதில்லை, மச்சான். ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசிக் காலையில் என்னை வெளியே தாழ்வாரத்தில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு நர்ஸ் அவசரமாக வெளியே வந்து, "அம்மா உங்ககிட்ட ஏதோ கேக்கச் சொன்னாங்க சார், எனக்குச் சரியாப் புரியல" என்றாள். நான் உள்ளே ஓடியபோது பேச்சு நின்றிருந்தது. என்ன கேட்டாள்? இத்தனை வருஷம் கூடவே இருந்தவள் கடைசியாக ஒன்று கேட்டிருக்கிறாள், அது என்ன என்று தெரியாமல் நான் எப்படி எழுந்து பல் விளக்குவது? அதைத்தான் சுவரிடம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், விழிக்காமலேயே போய்விட்டால் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் கண்ணை மூடினேன்.

பேச்சு வைத்தியம் நடக்கும் இடம் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. கீழே சக்கரத்து நட்டைக் கழற்றும் இயந்திரம் அலறும். மேலே நாங்கள் எங்கள் துக்கத்தைக் கழற்ற வேண்டும். ஜன்னல் கிடையாது. சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாங்கள் வயதானவர்கள் நாலைந்து பேர் உட்காருவோம். ஆலோசகர் ஒரு பெண், என் மகள் வயதுதான் இருக்கும், ஆனால் அவசரப்படாமல் கேட்கத் தெரிந்தவள். எனக்குப் பக்கத்தில் ஒரு தையல்காரம்மா, ஊசி குத்திக் குத்தி விரல் நுனி தடித்தவர். எதிரே ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர், அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. அறையின் நடுவில் கைப்பிடி வைத்த ஒரு மரநாற்காலி மட்டும் காலியாக இருக்கும். யாரிடம் பேச முடியாமல் போயிற்றோ அவர் அதில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு நாம் பேச வேண்டும். பேசி முடித்ததும் அவரிடம் விடைபெற்று, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட வேண்டும். விடைகொடுப்பதுதான் முக்கியம், அதை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது என்று ஆலோசகர் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

ஆயுள் முழுவதும் யார் எந்த இருக்கையில் உட்கார வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பிழைத்தவன் நான். ஒரே இருக்கையை எத்தனை பேருக்கு ஒதுக்குவீர்கள், இது நியாயமா என்று அப்போதே எனக்குப் பட்டது. சொன்னால் கிறுக்கு என்பார்கள் என்று, கிறுக்குக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையதுதான்.

விபரீதம் நடந்த அன்று வெளியே நல்ல மழை. தையல்காரம்மாவின் முறை வந்தது. அவர் தம் கணவரை நாற்காலியில் உட்கார வைத்தார். அந்த மனிதர் பூட்டுச் செய்கிறவராம், சில வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனார். உயிரோடு இருந்தபோது காலையில் வேலைக்குப் போகும்போது இந்த அம்மாவை வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவாராம். சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். அந்த அம்மா வாழ்க்கையில் முதல்முறையாக அவரைத் திட்ட ஆரம்பித்தார். நல்ல திட்டு, மச்சான், நானே நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாதியில் அழுகை வந்து பேச முடியவில்லை. சரி, கொஞ்சம் மூச்சு விடுங்கள், அதற்குள் சார் பேசட்டும் என்று ஆலோசகர் என்னைப் பார்த்தாள். அந்த அம்மா விடைகொடுக்கவில்லை. நாற்காலியும் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. நான் உங்கள் தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் பார்க்கிறேன், நாற்காலி காலியாக இல்லை. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, ஆனால் ஆள் நிறைந்த ரயில்பெட்டிக்கும் காலிப் பெட்டிக்கும் உள்ளே நுழையும்போதே ஒரு வித்தியாசம் தெரியும், அதை என்னிடம் யாரும் மறைக்க முடியாது. முன்பின் தெரியாத ஆணின் மடியில் உங்கள் தங்கையை எப்படி உட்காரச் சொல்வேன்? ஐயா, கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது மின்சாரம் போயிற்று.

ஜன்னல் இல்லாத அறை, கும்மிருட்டு. கீழே இயந்திரமும் நின்றது. ஆலோசகர் பயப்படாதீர்கள், மீதியை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லி, போன் வெளிச்சத்தில் எங்களை ஒவ்வொருவராகப் படியில் இறக்கினாள். இருட்டில் எல்லோரும் ஒன்றாக இறங்கும்போது ஒருவர் பெட்டி இன்னொருவர் கைக்கு மாறுவது ரயிலில் சர்வ சாதாரணம். அன்று என்ன மாறிப் போயிற்று என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

வந்ததும் சமையலறைக் கதவு தாழிட்டிருந்தது. நான் தாழிடுவதே இல்லை. திறந்துவிட்டு வந்து பார்த்தால் அலமாரி பூட்டியிருந்தது. அலமாரியைத் திறந்தால் பின்பக்கக் கதவு. காலையில் எழுந்தால் ஜன்னல் கொக்கிகள் எல்லாம் மாட்டியிருக்கும். கூடத்தில் இயந்திர எண்ணெய் வாடை, இரும்பைத் தேய்த்த கையின் வாடை. உங்கள் தங்கை இருந்தால் இந்த வீட்டில் என்ன வாடை வரும் என்று எனக்குத் தெரியாதா? சில சமயம் நான் கூடத்தில் நடக்கும்போது எனக்குப் பின்னால் சாவிக்கொத்து ஆடுகிற சத்தம் கேட்கும். நான் நின்றால் அதுவும் நிற்கும். திரும்பிப் பார்க்கப் பயந்து, திரும்பாமலே, "ஐயா, இது உங்க வீடு இல்ல" என்று மரியாதையாகச் சொல்லிப் பார்த்தேன். படுக்கையறைத் தாழ்ப்பாள் மெதுவாக நகர்ந்து மூடியது.

அப்புறம்தான் அந்தக் குளியலறை விவகாரம். என் மகள் உங்களிடம் சொன்னது, அப்பா உள்ளே மாட்டிக்கொண்டு சத்தம் போட்டார், பக்கத்து வீட்டுக்காரர்தான் காப்பாற்றினார், இனிமேல் தனியாக விட முடியாது என்பது. அதனால்தானே வேன். நடந்தது முழுவதையும் கேளுங்கள். நான் குளித்துக்கொண்டிருந்தபோது கதவின் வெளிப்பக்கத் தாழ்ப்பாள் விழுந்தது. தட்டினேன், கெஞ்சினேன், கடைசியில் மேலே காற்று வரும் ஓட்டை வழியாகக் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாசல் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்ததால் அதைப் பெயர்த்துத்தான் உள்ளே வர வேண்டியிருந்தது. என்னைத் திறந்துவிட்ட பிறகு தச்சர் துண்டோடு நின்ற என்னையும் இரண்டு கதவையும் மாறி மாறிப் பார்த்தார். "வாசக்கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். பாத்ரூம் வெளிப்பக்கம் தாழ்ப்பாள். அப்ப ரெண்டுக்கும் நடுவுல நின்னு போட்டது யாரு சார்?" என்று கேட்டார். அதற்குமேல் அவர் நிற்கவில்லை. வாசல் தாழ்ப்பாளைத் திரும்பப் பொருத்தக் கூப்பிட்டால் இன்றுவரை வருகிறேன் வருகிறேன் என்கிறார், வரவில்லை. இதை என் மகள் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாள், ஏனென்றால் நான் அவளுக்குச் சொல்லவில்லை.

மறுநாளே விசாரித்துக்கொண்டு தையல்காரம்மாவின் வீட்டுக்குப் போனேன். வைத்தியத்தைத் தவிர வேறு ஒரு காரியத்துக்காக நான் வாசலைத் தாண்டி எத்தனையோ காலம் ஆகியிருந்தது, போய்ச் சேர்ந்த பிறகுதான் அது எனக்கே உறைத்தது. ஒரு சந்தின் கடைசியில் சின்ன வீடு. எந்தக் கதவிலும் தாழ்ப்பாள் இல்லை. கணவர் போன மறுநாளே அந்த அம்மா எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டாராம், திருகாணி இருந்த ஓட்டைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. அவர் ஜன்னலோரமாக மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் எங்க வீட்டுல இருக்கார்."

அவர் கையிலிருந்த தையலை முடித்து நூலை வெட்டினார். "கதவைப் பூட்டறாரா?"

"பூட்டறார்."

"அப்ப அவர்தான்."

ஆச்சரியப்படவே இல்லை, மச்சான். எனக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு, மெதுவாக, உங்கள் வீட்டம்மா இங்கேதான் இருக்கிறார் என்றார். மெஷின்மேல் ஒரு பஞ்சுத் துண்டு இருந்தது. அதில் ஊசிகள் வரிசையாகக் குத்தி, ஒவ்வொன்றிலும் நூல் கோத்திருந்தது. இவருக்குக் கண் மங்கிவிட்டது, ஊசி கோக்கப் பக்கத்து வீட்டுப் பெண்ணைத்தான் கெஞ்சுவாராம். அந்த மழை நாளுக்குப் பிறகு தினமும் காலையில் ஊசிகள் எல்லாம் கோத்து ரெடியாக இருக்கின்றனவாம். நான் குனிந்து பார்த்தேன். நூல் கத்தரியால் வெட்டியது இல்லை, பல்லால் கடித்தது. நுனியில் இரட்டை முடிச்சு, முடிச்சுக்குக் கீழே விரல் அகலத்துக்கு வால் விட்டிருந்தது. அந்த வாலை வெட்டித் தொலையேன் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன், கேட்க மாட்டாள். என் சட்டைப் பொத்தான் எல்லாவற்றிலும் இன்றைக்கும் அந்த வால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சாவுக்கு அழாதவன், முன்பின் பழக்கமில்லாதவர் வீட்டில், வாடிக்கையாளர் ஒருவர் அளவு கொடுக்க வந்து நிற்கும்போது ஓவென்று அழுதேன்.

அழுது முடித்ததும், என் மனைவியைக் கொடுங்கள், உங்கள் கணவரைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று நியாயத்தைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். அந்த ஆள் வேண்டவே வேண்டாம் என்றார். உங்கள் வீட்டம்மா இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார். அவர் வந்த பிறகுதான் வீட்டில் இன்னொருவர் இருப்பது பயமாக இல்லாமல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்து மெஷினில் வைத்தார். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அந்த ஊசிகளைப் பார்த்தால் உங்கள் தங்கை அங்கே சந்தோஷமாக இருக்கிறாள் என்றும் தெரிந்தது, அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

விஷயத்தை ஆலோசகரிடம் கொண்டுபோனோம். சிரிப்பாள், அல்லது ஆம்புலன்ஸைக் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை. பொறுமையாகக் கேட்டாள். குளியலறையின் வெளித்தாழ்ப்பாளை இன்றைக்கே கழற்றச் சொன்னாள், என் மாத்திரையைப் பற்றியும் ஞாபகசக்தியைப் பற்றியும் டாக்டரிடம் பேசுவதாகச் சொன்னாள். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்து, "காலையில எந்திரிக்கவே வேணாம்னு இப்பவும் தோணுதா சார்?" என்று கேட்டாள். இதை இதுவரை யாரும் என்னிடம் நேராகக் கேட்டதில்லை. கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயந்தார்களோ என்னவோ. "முன்ன தோணுச்சும்மா. இப்ப அதுக்கு நேரமில்ல, கதவைப் பாக்கவே சரியா இருக்கு" என்றேன். அவள் அதைக் குறித்துக்கொண்டாள். அன்றைக்குப் பாதியில் விட்டதை முழுதாக முடித்துவிடுவோம் என்றாள்.

எல்லோரும் மறுபடி கூடினோம். டயர் கடைச் சத்தம் வரக் கூடாதென்று ஆலோசகர் அறைக் கதவை உள்ளே தாழிட்டாள். மரநாற்காலி நடுவில் இருந்தது. தையல்காரம்மா அதன் எதிரில் உட்கார்ந்தார். அந்தத் தடித்த விரல்களை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, நாற்காலியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். எண்ணெய் வாடை எனக்கு வந்தது. அவருக்கும் வந்தது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆலோசகர், அம்மா, உங்களுக்கு உதவிக்கு யாராவது வேண்டுமா என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார்.

நான் எழுந்தேன், மச்சான். சட்டைக் கழுத்துப் பொத்தானைப் போட்டேன். ஓய்வுபெற்ற பிறகு அந்தக் குரலை நான் எடுத்ததே இல்லை, இருக்கிறதோ போய்விட்டதோ என்றுகூடத் தெரியாது. நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று கையை நீட்டினேன்.

"டிக்கெட்."

நீட்டிய கையை நான் மடக்கவில்லை.

"உங்க ஸ்டேஷன் எப்பவோ தாண்டிருச்சு. இந்த அம்மாகூடவும் உங்களுக்கு இடம் கிடையாது, எங்கூடவும் கிடையாது. சாமானை எடுத்துக்கிட்டு இறங்குங்க."

முதலில் எதுவும் நடக்கவில்லை. பிறகு நாற்காலி லேசாக முனகியது, எடை இறங்கினால் மரம் முனகுமே, அப்படி. என் கையை ஒட்டி ஒரு குளிர்ச்சி போயிற்று. சாவிக்கொத்தின் சத்தம் அறையைக் கடந்து போனது. ஆலோசகர் தாழிட்டிருந்த கதவின் தாழ்ப்பாள் எல்லோர் கண் முன்னாலும் தானாகப் பின்னுக்கு நகர்ந்து, கதவு திறந்துகொண்டது. தலைமையாசிரியர் "காத்து" என்றார். அந்தக் குழுவில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான், ஆலோசகர் அதையும் குறித்துக்கொண்டாள், ஆனால் அதே வார்த்தையை அவள் இரண்டு முறை எழுதியதை நான் பார்த்தேன். தையல்காரம்மா திறந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "தொறந்து வெச்சுட்டுப் போயிருக்கார். முதல் தடவையா" என்றார். பிறகு எழுந்து போய், நாற்காலியைச் சுவர்ப்பக்கம் அவரே திருப்பி வைத்தார்.

அடுத்து என் முறை. நாற்காலியைத் துடைத்து மறுபடி நடுவில் போட்டோம். உங்கள் தங்கையைக் கூப்பிட்டேன். தையல்காரம்மா "போய்ட்டு வாங்க" என்று தனக்குப் பக்கத்தில் பார்த்துச் சொன்னார். நாற்காலி நிறைந்தது. அன்றைக்கு நர்ஸிடம் என்ன கேட்கச் சொன்னாய் என்று கேட்டேன். ஆலோசகர் என்னை எழுந்து அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அவர் இடத்தில் இருந்து, அவராகவே பதில் சொல்லுங்கள், யோசிக்காமல் வாயில் வருவதைச் சொல்லுங்கள் என்றாள். தயங்கித் தயங்கி உட்கார்ந்தேன். நாற்காலி வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்துபோன மாதிரி இருந்தது. என் வாய் திறந்தது. நான் திறக்கவில்லை.

"பக்கத்து படுக்கை அம்மாவைப் பாக்க, அவங்க வந்ததுலேருந்து யாருமே வரலைங்க. நீங்க வெளிய சும்மாதான நிக்கறீங்க? போய் அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்க."

குரல் என்னுடையதுதான். இழுத்த இழுப்பு அவளுடையது. அந்தப் பக்கத்துப் படுக்கை அம்மாள் எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தாள், அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது. சாகப் போகிற நேரத்தில், மச்சான், என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னவோ ரகசியம், என்னவோ மன்னிப்பு, என்னவோ கடைசி ஆசை என்று நான் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். அவள் எனக்கு ஒரு எடுபிடி வேலை சொல்லியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். எதற்காக இத்தனை மாதம் மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தேனோ அது விட்டுப் போயிற்று. அவள் ஏன் நேராக அந்தத் தையல்காரம்மாவின் வீட்டில் போய் இறங்கினாள் என்பதும் புரிந்தது.

இனி நான் விடைகொடுத்து நாற்காலியைத் திருப்ப வேண்டும். ஆலோசகர் காத்திருந்தாள். நான் குனிந்து ஏதோ முணுமுணுத்துவிட்டு நாற்காலியைத் திருப்பினேன். விடைகொடுத்தேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் முணுமுணுத்தது, "வா, வீட்டுக்குப் போகலாம்." இதை ஆலோசகரிடம் சொல்லிவிடாதீர்கள்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் என் குடையை வைத்து இடம் பிடித்தேன். ஒரு பருத்த மனிதர் உட்கார வந்தார். ஆள் இருக்கிறது என்றேன். எங்கே என்று கேட்டார். வருவார்கள் என்றேன். கண்டக்டர் வந்து என்னைத் திட்டினார். ஆயிரக்கணக்கான பேரை இதற்காகத் திட்டியவன் நான், தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டேன். உங்கள் தங்கையை டிக்கெட் இல்லாமல் கூட்டிக்கொண்டு வந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஆக, நிலவரம் இதுதான். அந்த மனிதர் போய்விட்டார், எந்தக் கதவும் இப்போது தானாக மூடுவதில்லை. நான் வேளைக்கு எழுந்திருக்கிறேன், மாத்திரை போடுகிறேன், சாப்பாட்டுக்கு ருசி திரும்பியிருக்கிறது, வாரம் தவறாமல் வைத்தியத்துக்குப் போகிறேன். தையல்காரம்மாவுக்கு ஊசி கோத்துக் கொடுக்க நானே போய்வருகிறேன், எனக்குக் காதுதான் மந்தம், கண் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் தங்கை வீட்டில் சௌக்கியமாக இருக்கிறாள். எந்நேரமும் பேசிக்கொண்டிருக்கிறோம், பெரும்பாலும் நான்தான் பேசுகிறேன், அது முன்பும் அப்படித்தான் என்று நீங்கள் சொல்வீர்கள். இந்த நிலையில் நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு உங்கள் பின்னறைக்கு வந்தால், வேனில் எனக்கு இடம் இருக்கும், அவளுக்கு எங்கே இடம்? அவள் பாதி வழியில் வேறு யார் வீட்டிலாவது இறங்கிவிட்டால் நான் யாரைக் கேட்பது? ஆகவே ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைத் தயவுசெய்து ரத்து செய்யவும். நான் தனியாக இல்லை. எனக்கு ஒருவரும் தேவை இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், அவர்கள் நன்றாகப் படித்து, நல்ல உத்தியோகத்தில் அமர்ந்து, ஒதுக்கிய இருக்கையில் மட்டும் உட்காருவார்களாக. தங்கள் முழங்காலுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உங்களுக்கு நான் எழுதிய எந்தக் கடிதத்திலும் உங்கள் தங்கை அடியில் இரண்டு வரி எழுதாமல் விட்டதில்லை. "அண்ணா" என்று ஆரம்பித்து, நான் எழுதியது எல்லாம் மிகைப்படுத்தல், நம்பாதீர்கள் என்று எழுதுவாள். அதனால் இதற்கு மேலே அவளுக்கு இடம் விட்டு, பேனா மூடியைத் திறந்து வைத்து, பார்த்துக்கொண்டு நின்றால் எழுத மாட்டாள் என்று சமையலறைக்குப் போனேன். எல்லாப் பாத்திரத்தையும் கழுவினேன், கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன். வந்து பார்த்தேன். நான் விட்ட இடம் அப்படியே வெள்ளையாக இருக்கிறது, நீங்களும் பார்க்கிறீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஆள் இருக்கிற பெட்டியும் ஆள் இல்லாத பெட்டியும் எனக்குத் தெரியும் என்று மேலே எழுதியிருக்கிறேன். அவள் அந்தப் பஸ்ஸிலேயே ஏறவில்லை என்று நினைக்கிறேன், மச்சான். என் பக்கத்தில் இத்தனை நாள் இருந்தது குடைதான். அவள் வீட்டில் இருக்கிறாள், எனக்கு ஒருவரும் தேவை இல்லை என்று எழுதிய பகுதிகளை அடித்துவிடவும். வீட்டில் எண்ணெய் வாடை இல்லை, சாவிச் சத்தம் இல்லை, அவள் இல்லை, ஒன்றுமே இல்லை. இதற்குப் பெயர்தான் குணமாவது என்றால் ஆலோசகர் அதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள். வேன் வேண்டாம், நான் எங்கும் வரவில்லை. நீங்கள் வந்து என் எதிரில் கொஞ்ச நேரம் உட்காருங்கள், போதும்.